போர்த் திரைப்படங்களில் 'கில்ட்' அணிந்த வீரர்கள்: திரையும் வரலாறும்

ஸ்காட்லாந்து வீரர்கள் தோன்றும் போர்த் திரைப்படங்களில் பெரும்பாலும் இரண்டு அடையாளங்கள் தவறாமல் இடம்பெறும். ஒன்று பேக்பைப் வாத்தியம். மற்றொன்று இடுப்பிலிருந்து முழங்கால் வரை கொசுவம் வைத்து அணியப்படும் கட்டம்போட்ட கம்பளி உடையான 'கில்ட்'. இதனைப் பாவாடை என்று மொழிபெயர்ப்பது எளிது. ஆனால் ஒரு காலத்தில் சட்டத்தால் தடை செய்யப்பட்டதும், பின்னர் பேரரசின் போர்ச் சீருடையாக மாறியதுமான உடை அது என்பதை அச்சொல் உணர்த்தாது. எந்த ஆண்டில், எந்தப் படைப்பிரிவு, எந்த நிலத்தில் இதனை அணிந்து போரிட்டது என்பதில்தான் பல படங்கள் சறுக்கியுள்ளன.

மிகவும் அறியப்பட்ட பிழை, மெல் கிப்சன் இயக்கி நடித்து 1995-ல் வெளியான 'பிரேவ்ஹார்ட்' படத்தில் உள்ளது. சிறந்த படம் உட்பட ஐந்து ஆஸ்கர் விருதுகளை வென்ற இப்படத்தில், 1297-ம் ஆண்டு ஸ்டெர்லிங் பாலப் போரில் வில்லியம் வாலஸின் வீரர்கள் கட்டம்போட்ட துணியை இடுப்பில் சுற்றியபடி பாய்ந்து வருகின்றனர். கில்ட்டின் முன்னோடியான, உடலைச் சுற்றி வாரால் இறுக்கப்படும் நீண்ட போர்வை உடையே பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் சான்றுகளில் தென்படுகிறது. அதாவது, படம் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் முந்திக்கொண்டது. வாலஸ் ஹைலேண்ட்ஸ் எனப்படும் வடக்கு மலைப்பகுதியைச் சேர்ந்தவரும் அல்லர், தாழ்நிலத்தவர். அவரது படையினர் நீண்ட ஈட்டிகளை ஏந்தி நெருக்கமாக அணிவகுத்தவர்கள். உடையில் எதிரியான ஆங்கிலேயக் காலாட்படையினரிடமிருந்து பெரிதும் வேறுபட்டவர்கள் அல்லர். முகத்தில் பூசிய நீலச் சாயம் அதைவிடப் பல நூற்றாண்டுகள் பழைய வழக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது. பாலப் போர்க் காட்சியில் பாலமே இல்லை என்பதைப் பார்க்கையில் உடையைப் பற்றிய குறை சிறிதாகவே தோன்றும்.

அதே 1995-ல் வந்த 'ராப் ராய்' இதற்கு நேர்மாறானது. அதன் கதை 1713-ல் நிகழ்கிறது. ஹைலேண்ட்ஸ் மக்கள் போர்வை உடையை அன்றாடம் அணிந்த காலம் அது. படத்தின் ஆடைகளும் அதற்குப் பொருந்துகின்றன. இன்று நாம் காணும், இடுப்புக்குக் கீழே மட்டும் அணியும் குட்டையான வடிவம் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பரவியது.

1746 ஏப்ரல் 16-ல் நடந்த குலோடன் போரைக் காட்டும்போது வேறொரு பிழை நுழைகிறது. ஒவ்வொரு குலத்துக்கும் தனித்தனிக் கட்டத்துணி இருந்ததாகவும், அதைக் கொண்டே வீரர்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டதாகவும் சித்தரிப்பது வழக்கம். குலவாரியான வடிவங்கள் முறைப்படுத்தப்பட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். மன்னர் நான்காம் ஜார்ஜின் 1822-ம் ஆண்டு எடின்பரோ வருகைக்கு எழுத்தாளர் வால்டர் ஸ்காட் செய்த ஆடம்பர ஏற்பாடுகள் அந்த மோகத்தைத் தூண்டின. குலோடனில் தொப்பியில் செருகிய வெள்ளைத் துணிப் பூவே கிளர்ச்சிப் படையினரின் அடையாளம். பீட்டர் வாட்கின்ஸ் 1964-ல் பிபிசி-க்காக எடுத்த 'குலோடன்' இந்தப் பகட்டைத் தவிர்த்தது. தொழில்முறை நடிகர்கள் அல்லாதோரைக் கொண்டு எடுக்கப்பட்ட அப்படத்தில் பசியும் குளிரும் வாட்டிய ஏழைக் குடியானவர்களே தெரிகின்றனர்.

அந்தத் தோல்விக்குப் பின் ஹைலேண்ட்ஸ் உடை தடை செய்யப்பட்டது. முதல் முறை அணிந்தால் ஆறு மாதச் சிறை. மீண்டும் அணிந்தால் ஏழாண்டு நாடு கடத்தல். 1782 வரை நீடித்த இச்சட்டம் பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் விலக்களித்தது. தன் தந்தை அணிந்த உடையை ஹைலேண்ட்ஸ் இளைஞன் அச்சமின்றி அணிய வேண்டுமானால், தன்னை வென்றவர்களின் படையில் சேர்வதே வழி. கில்ட்டின் ராணுவப் பெருமை தொடங்கிய இந்த இடத்தைத் திரைப்படங்கள் அரிதாகவே தொடுகின்றன.

தடை நீங்குவதற்கு முன்பே ஹைலேண்டர் படைகள் இந்தியா வந்துவிட்டன. 1780-ல் மதராஸ் வந்திறங்கிய மெக்லியோட் படைப்பிரிவின் ஒரு பகுதி, அதே ஆண்டு செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் ஹைதர் அலி, திப்புவின் படைகளிடம் சிக்கியது. வெப்ப நாடுகளில் கில்ட்டைக் கைவிட்டுக் காற்சட்டைக்கு மாறுவது இப்படைகளிடையே இயல்பாக இருந்தது. 1809-ல் ஆறு படைப்பிரிவுகளிடமிருந்து கில்ட் அதிகாரபூர்வமாகவே பறிக்கப்பட்டது. அவ்வுடை ஆள்சேர்ப்புக்குத் தடையாக இருப்பதாக அரசு கருதியதே காரணம். எனவே 'ஹைலேண்டர்' என்ற பெயரைப் பார்த்ததும் கில்ட்டை மாட்டிவிடும் ஆடை வடிவமைப்பாளர் அநேகமாகத் தவறு செய்வார். ஸ்காட்லாந்தின் தாழ்நிலப் படைப்பிரிவுகளும், சில தன்னார்வப் பட்டாலியன்கள் நீங்கலாக, அதை அணிந்ததில்லை.

இந்தியாவில் கில்ட் உறுதியாகக் காணப்பட்ட இடங்களில் ஒன்று லக்னோ. 1857 நவம்பர் 16-ல் சிக்கந்தர் பாக் மதிலுக்குள் 93-ம் ஹைலேண்டர் படையும் நான்காம் பஞ்சாப் காலாட்படையும் புகுந்தன. 93-ம் படையினர் கில்ட்டும் இறகுத் தொப்பியும் அணிந்திருந்தாலும், மேலே இருந்தது புகழ்பெற்ற சிவப்புக் கோட்டு அன்று; சீனப் போருக்காக வழங்கப்பட்ட பழுப்பு நிற மேலங்கி. உள்ளே சுமார் இரண்டாயிரம் இந்திய வீரர்கள் கொல்லப்பட்டனர். மறு ஆண்டு ஃபெலிஸ் பியாட்டோ அங்கு எடுத்த ஒளிப்படத்தில் எலும்புகள் சிதறிக் கிடக்கின்றன.

ஹாலிவுட் இந்தியாவில் கண்ட கில்ட் வேறு. 1937-ல் வந்த 'வீ வில்லி விங்கி'யில் குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிள் வடமேற்கு எல்லையில் கில்ட் சீருடையில் அணிவகுத்தார். 1939-ன் 'கங்கா தின்' படத்தில் ஹைலேண்டர்கள் பேக்பைப் ஒலிக்க மலைக்கணவாயில் வருகின்றனர். அந்த மலைகள் கலிபோர்னியாவில் உள்ளவை. 1968-ன் 'கேரி ஆன் அப் தி கைபர்' நகைச்சுவைப் படமோ, கில்ட்டுக்குள் வீரர்கள் என்ன அணிகிறார்கள் என்ற கேள்வியையே கதையாக்கியது. விந்தை என்னவெனில், கதை நிகழும் 1890-களின் எல்லைப் போர்களில் கில்ட் உண்மையிலேயே இருந்தது. 1897 அக்டோபர் 20-ல் தர்காய் குன்றைத் தாக்கிய கார்டன் ஹைலேண்டர்களில், கால்களில் குண்டு பாய்ந்தும் பேக்பைப் வாசிப்பை நிறுத்தாத ஜார்ஜ் ஃபைண்ட்லேட்டர் விக்டோரியா கிராஸ் பெற்றார்.

நவீனத் துப்பாக்கிகள் வந்தபின் கில்ட் உயிருக்கே விலை வைத்தது. போயர் போரில் அதன் கருநிறத்தை மறைக்க முன்புறம் மட்டும் காக்கித் துணி கட்டப்பட்டது. 1899 டிசம்பர் 11-ல் மேகர்ஸ்ஃபான்டீனில் நாள் முழுவதும் குப்புறக் கிடந்த வீரர்களின் முழங்கால் பின்புறம் ஆப்பிரிக்க வெயிலில் கொப்பளித்தது. முதல் உலகப் போரில் காக்கி உறை கில்ட்டை முழுவதுமாகச் சுற்றி மூடியது. ஆகவே 1914-18 பதுங்குகுழிக் காட்சியில் வண்ணக் கட்டங்கள் பளிச்சிட்டால் அது அணிவகுப்பு மைதானத்தின் கில்ட்டே. உண்மையில் சேறு ஏறிக் கனத்த கம்பளி, கொசுவங்களில் குடியேறிய பேன், உறைபனியில் விறைத்துக் காலைக் கிழித்த விளிம்பு ஆகியவையே வீரர்கள் அறிந்தவை. 1917-ல் கடுகு வாயு வந்தபோது, மூடப்படாத தோல் வெந்தது.

வாயுத் தாக்குதல் அச்சமும் ஒரு காரணமாக, இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் கில்ட் போர் உடையிலிருந்து நீக்கப்பட்டது. கேமரன் ஹைலேண்டர்களின் முதல் பட்டாலியன் மட்டும் 1940-ல் பிரான்சில் அதை அணிந்து போரிட்டது. எனவே 1944-ன் நார்மண்டிக் கரையில் கில்ட் அணிந்த வரிசை ஒன்றைக் காட்டும் படம் பிழையானது. ஒரே ஒரு கில்ட்டைக் காட்டினால் சரியானது. ஜூன் 6 அன்று லார்ட் லோவட்டின் கமாண்டோ படையுடன் ஸ்வார்ட் கரையில் இறங்கிய 21 வயது பில் மில்லின், முதல் உலகப் போரில் தன் தந்தை அணிந்த கேமரன் கில்ட்டை அணிந்திருந்தார். களமுனையில் பேக்பைப் வாசிப்பதற்கு இருந்த தடையை லோவட் பொருட்படுத்தவில்லை. 1962-ல் வெளியான 'தி லாங்கஸ்ட் டே' படத்தில் இந்த இசைக்கலைஞர் இடம்பெறுகிறார். அன்று அவரைச் சுற்றியிருந்த கமாண்டோக்கள் அனைவரும் காற்சட்டை அணிந்தவர்களே.