வெர்சாய் பஸ் ஸ்டாப்பில் பாகூர்

மணப்பட்டு எங்க இருக்குன்னு கேக்கறவங்களுக்கு முதல்ல வழி சொல்லிடறேன். புதுச்சேரியிலேர்ந்து கடலூர் போற ரோட்டுல கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில் பக்கமா வந்து, கிழக்கே கடலைப் பார்த்துத் திரும்பினா எங்க ஊர். பாகூர் கொம்யூன். இன்னும் கொஞ்சம் தெற்கே போனா முள்ளோடை. அதைத் தாண்டினா தமிழ்நாடு, கடலூர் மாவட்டம். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மண்ணு ஒண்ணு, மல்லாட்டை ஒண்ணு, பேச்சு ஒண்ணு. ஆனா பெட்ரோல் விலை வேற, ரேஷன் கார்டு வேற, சட்டசபை வேற.

இந்தக் கோட்டை யார் போட்டாங்க? எங்க உட்கார்ந்து போட்டாங்க? இதுக்குப் பதில் நம்ம ஊர்ல இல்லைங்க. யூரோப் பஸ் டூர்ல எல்லாரும் இறங்கி போட்டோ எடுக்கற ஒரு இடத்துக்குப் பக்கத்துல இருக்கு.

இப்பல்லாம் நம்ம பக்கத்துலேர்ந்து யூரோப் டூர் போறது அதிசயம் இல்லை. பாரிஸ்ல சொந்தக்காரங்க இல்லாத புதுச்சேரி குடும்பம் குறைச்சல்தான். நாங்களும் ஒரு பஸ் டூர்ல போயிட்டு வந்தோம். கைடு மைக்கைப் பிடிச்சா நிறுத்தாம பேசுவார். அவர் சொன்னது எதுவும் தப்பில்லை. ஆனா ரெண்டாவது நாள் எங்க பெரியம்மா என் காதுல கேட்டாங்க: "ஏண்டா, முந்நூறு வருஷம் நம்மள ஆண்டானுங்களே, நம்ம ஊர் பேரு இங்க எங்கயாச்சும் இருக்கா?" நல்ல கேள்வி. கைடு சொல்லாம விட்ட மூணு இடத்தைப் பத்தி இங்க எழுதறேன்.

முதல் இடம்: ஓத்தெல் தெ வீல்

பாரிஸ் நகராட்சிக் கட்டடம். முன்னாடி பெரிய சதுக்கம். இலக்கியம் படிச்சவங்களுக்கு இதோட பழைய பேர் தெரிஞ்சிருக்கும்: பிளாஸ் தெ கிரேவ். பாரிஸ்ல மரண தண்டனை நிறைவேத்தின இடம் இதுதான். விக்டர் ஹியூகோ நோத்ர் தாம் நாவல்ல எஸ்மரால்டாவைத் தூக்குல போடற இடமும் இதேதான். 

ஹியூகோ கதாபாத்திரத்துக்கு முன்னாடியே நிஜமான ஒரு ஆளோட தலை இங்க விழுந்திருக்கு. பேர் லாலி. புதுச்சேரியை 1761 ஜனவரியில இங்கிலீஷ்காரன்கிட்ட ஒப்படைச்ச பிரெஞ்சுத் தளபதி. பூர்வீகம் அயர்லாந்து. 1758ல வந்து இறங்கி, கடலூர் தேவனாம்பட்டினத்துல இருந்த செயிண்ட் டேவிட் கோட்டையைப் பிடிச்சு இடிச்சுத் தள்ளினவர். 1760 ஜனவரியில வந்தவாசியில தோத்தார். அப்புறம் அயர் கூட் வந்து புதுச்சேரியை முற்றுகை போட்டதும் ஊருக்குள்ள சோத்துக்கே திண்டாட்டம். ஒப்படைச்ச பிறகு இங்கிலீஷ்காரங்க பழிக்குப் பழியா நம்ம ஊரை இடிச்சுத் தரைமட்டமாக்கினாங்க. இன்னிக்கு ஒயிட் டவுன்ல நாம பார்க்கற வீடுகள் பெரும்பாலும் அதுக்கப்புறம் கட்டினதுதான்.

லாலி இங்கிலாந்துல கைதியா இருந்தார். பாரிஸ்ல தன்னைத் துரோகின்னு பேசறாங்கன்னு கேள்விப்பட்டு, "நானே வந்து பதில் சொல்றேன்"னு தானா திரும்பிப் போனார். பாஸ்தீல் சிறையில போட்டாங்க. 1766 மே 9ம் தேதி, வாயில துணி அடைச்சு, இந்தச் சதுக்கத்துல தலையை வெட்டினாங்க. புதுச்சேரியை இழந்ததுக்கு ஒரு தலை வேணும்னு தேடினாங்க, கிடைச்சது இவரோடது.

இரண்டாவது இடம்: பந்தேயோன்

பிரான்ஸோட பெரிய மனுஷங்க சமாதி. கீழே நிலவறையில ஹியூகோ, எமிலி ஜோலா, அலெக்ஸாண்டர் டூமா மூணு பேரும் ஒரே அறையில. நுழைஞ்சதும் ஒரு பக்கம் ரூசோ, எதிர்ப்பக்கம் வோல்த்தேர். உயிரோட இருந்தப்ப ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. செத்தப்புறம் எதிரெதிரா படுக்க வச்சுட்டாங்க :-)

வோல்த்தேருக்கும் புதுச்சேரிக்கும் என்ன சம்பந்தம்? லாலிக்கு நடந்தது அநியாயம்னு பேனாவை எடுத்தவங்கள்ல முக்கியமானவர் இவர்தான். 1773ல இந்தியாவைப் பத்தி ஒரு புத்தகமே எழுதினார், அதுல லாலி வழக்கும் வருது. லாலியோட மகனும் விடாம போராடினார். கடைசியில 1778 மே மாசம், அந்தப் பழைய தீர்ப்பை ராஜாவோட மன்றம் ரத்து பண்ணிச்சு. அந்தச் சேதி வந்தப்ப வோல்த்தேர் மரணப் படுக்கையில. மகனுக்கு நாலு வரி எழுதி அனுப்பினார். சில நாள்ல, மே 30ம் தேதி, கண்ணை மூடிட்டார்.

கேக்க நல்லாத்தான் இருக்கு. நானும் அந்தச் சமாதி முன்னாடி மரியாதையோடதான் நின்னேன். ஆனா கொசுவர்த்தியை இன்னும் கொஞ்சம் பின்னால சுத்தினா வேற ஒண்ணு தெரியுது.

1760 நவம்பர் கடைசி. முற்றுகை இறுகுது, தானியம் தீருது. லாலி என்ன செஞ்சார்னா, ஊருக்குள்ள மிச்சம் இருந்த நம்ம ஜனங்களை, ஆம்பளை பொம்பளை குழந்தைன்னு சுமார் 1,400 பேரை, கோட்டைக்கு வெளியே துரத்திட்டார். வெளியே போனா இங்கிலீஷ் காவல், விட மாட்டேங்கறான். திரும்பி வந்தா பிரெஞ்சுக்காரன் சுடறான். நடுவுல இருந்த வெளியில எட்டு நாள், புல்லு வேரைத் தோண்டித் தின்னுக்கிட்டு அலைஞ்சாங்க. பிறகுதான் இங்கிலீஷ் பக்கம் வழி விட்டாங்க. இதை எழுதி வச்சவர் ராபர்ட் ஓர்ம், கும்பினியோட சரித்திர ஆசிரியர்.

லாலிக்கு ஒரு மகன் இருந்தார், ஒரு வோல்த்தேர் இருந்தார். தீர்ப்பு ரத்தாச்சு. அந்த 1,400 பேர்ல ஒருத்தர் பேராவது பாரிஸ்ல எந்தக் கல்லுலயாவது உண்டா? புதுச்சேரியில எல்லாத்தையும் நாட்குறிப்புல எழுதின ஆனந்தரங்கப் பிள்ளையும் நோயில விழுந்து, ஊர் விழறதுக்குச் சில நாள் முன்ன அதே 1761 ஜனவரியில இறந்துட்டார். பந்தேயோன் படி ஏறி வெளியே வரும்போது எனக்கு வோல்த்தேரை விட இவங்க நினைப்புதான் அதிகமா இருந்துச்சு.

மூன்றாவது இடம்: வெர்சாய்

இங்கதான் பெரியம்மா கேள்விக்குப் பதில்.

வெர்சாய்ல எல்லாரும் நேரா கண்ணாடி மண்டபத்துக்கு ஓடுவாங்க. 357 கண்ணாடி, 1919ல முதல் உலகப் போர் ஒப்பந்தம் கையெழுத்தான இடம். போற வழியில ஹெர்குலிஸ் கூடம்னு ஒண்ணு வரும். 1788 ஆகஸ்ட்ல திப்பு சுல்தானோட மூணு தூதர்களைப் பதினாறாம் லூயி வரவேத்தது அங்கதான். அவங்க கப்பல் ஏறினது நம்ம புதுச்சேரியில, 1787 ஜூலையில. இதுவே பாதி பேருக்குத் தெரியாது.

ஆனா நான் சொல்ல வந்த இடம் அரண்மனைக்குள்ள இல்லை. வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தா அமெரிக்க சுதந்திரத் தெருன்னு ஒரு தெரு. அதுல அந்தக் காலத்து வெளியுறவு அமைச்சகக் கட்டடம் இருக்கு. இப்ப அது வெர்சாய் நகராட்சி நூலகம். 1783 செப்டம்பர் 3ம் தேதி இங்கிலாந்தும் பிரான்ஸும் சமாதான ஒப்பந்தம் போட்டது அங்க. அமெரிக்காவுக்குச் சுதந்திரம் கிடைச்ச அதே நாள், அதே பேச்சுவார்த்தை. அவங்க பேர்ல தெருவே இருக்கு.

அந்த ஒப்பந்தத்தோட 14வது பிரிவைப் படிங்க. புதுச்சேரியும் காரைக்காலும் பிரான்ஸுக்குத் திரும்பக் கொடுக்கப்படும். கூடவே, புதுச்சேரிக்குத் துணை நிலமா ரெண்டு மாவட்டங்களை இங்கிலாந்து "பெற்றுத் தரும்". அந்த ரெண்டோட பேர் என்ன தெரியுமா? வலனூர், பாகூர். வலனூர்னா நம்ம வில்லியனூர்தான்.

ஏன் "கொடுக்கும்"னு எழுதாம "பெற்றுத் தரும்"னு எழுதினான்? ஏன்னா பாகூர் அப்ப இங்கிலாந்துக்குச் சொந்தமே இல்லை. ஆற்காட்டு நவாப் முகமது அலியோடது. நவாப் கும்பினிக்காரங்ககிட்ட தலைக்கு மேல கடன்ல இருந்தார், அதனால வாங்கிக் கொடுத்துடலாம்னு தைரியம். அடுத்தவன் கொல்லையை ரெண்டு பேர் பேசிப் பங்கு வச்சுக்கிட்ட கதை. நவாபையே கேக்கலைன்னா, பாகூர்ல ஏர் ஓட்டினவனை யார் கேட்டிருப்பா?

இந்த நிலத்துக்கு ஏன் அவ்வளவு ஆசை? புதுச்சேரிக்கும் செயிண்ட் டேவிட் கோட்டைக்கும் நடுவுல இருக்கறது பாகூர். 1752ல ஸ்ட்ரிங்கர் லாரன்ஸும் பிரெஞ்சுப் படையும் மோதினதும் பாகூர்லதான். பிரெஞ்சுத் தளபதி கெர்ழான், டூப்ளேயோட சொந்தக்காரர், அதுல பிடிபட்டார். அதோட பெரிய ஏரி, நெல் விளையற பூமி. கோட்டைக்குச் சோறு வேணுமே! 1760ல பட்டினி கிடந்த ஊருக்கு அது நல்லாவே தெரியும்.

1793ல மறுபடி போர் வந்து எல்லாம் கை மாறிச்சு. ஆனா 1814 பாரிஸ் ஒப்பந்தம், 1792 ஜனவரி 1ம் தேதி என்ன இருந்ததோ அதைத் திருப்பிக் கொடுன்னு சொன்னதால, 1783 கணக்கே திரும்ப வந்துடுச்சு. அந்தக் காலத்துல எல்லைங்கறது கோடு இல்லை, வரி கட்டற கிராமங்களோட பட்டியல். அதனாலதான் இன்னிக்கும் மேப்ல புதுச்சேரி கிழிஞ்ச துணி மாதிரி துண்டு துண்டா கிடக்கு. பாகூர் கணக்குல வந்த மணப்பட்டு இந்தப் பக்கம், கூப்பிடு தூரத்துல இருக்கற ஊர் அந்தப் பக்கம்.

பெரியம்மாகிட்ட சொன்னேன். "பேரு இருக்கு பெரியம்மா. விக்கிற பொருளோட பட்டியல்ல." அவங்க ஒண்ணும் பேசலை. கொஞ்ச நேரம் கழிச்சு, "இருந்தாலும் எழுதி வச்சிருக்கானே"ன்னாங்க. அதுவும் சரிதான். எழுதி வச்சதாலதான் இன்னிக்கு நாம கேள்வி கேக்க முடியுது.

டூர் போறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். வெர்சாய்ல பஸ் எப்படியும் நாலஞ்சு மணி நேரம் நிக்கும். கடைசி அரை மணியைச் சாவிக்கொத்து வாங்கறதுல செலவழிக்காம அந்த நூலகம் வரைக்கும் நடந்து போங்க. உள்ளே பழைய அமைச்சக அறைகளைப் பார்க்கணும்னா முன்கூட்டியே விசாரிச்சுக்கறது நல்லது. குழந்தைகள் கூட வந்தா, "நம்ம ஊரை இங்கதான் எழுதிக் கொடுத்தாங்க"ன்னு காட்டுங்க.

டூருக்குக் காசில்லையா? வில்லியனூர் பக்கம் கீழூர் போங்க. 1954 அக்டோபர் 18ம் தேதி, 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி ஓட்டுப் போட்டாங்க. 170 பேர் இந்தியாவோட சேரணும்னாங்க. நவம்பர் 1ம் தேதி ஆட்சி கை மாறிச்சு, சட்டப்படி 1962 ஆகஸ்ட் 16ல முடிஞ்சுது. நினைவுச் சின்னம் இருக்கு, கூட்டம்தான் இருக்காது. வலனூர், பாகூர்னு காகிதத்துல வெறும் பேரா இருந்த ஊர்க்காரங்க, 171 வருஷம் கழிச்சுத் தங்கள் பிரதிநிதிகள் மூலமா பதில் சொன்ன இடம் அது. போக விசாவும் வேணாம்.