கை மாறும் நேரம்

1980-களில் சேலத்திலோ காரைக்குடியிலோ ஒருவர் தன் பங்குகளை விற்றால், அவர் பீரோவிலிருந்து ஒரு காகிதம் கிளம்பும். தடித்த தாள், ஓரத்தில் அச்சடித்த பூவேலை, கம்பெனி முத்திரை, இயக்குநர்களின் கையெழுத்து, ஃபோலியோ எண். பின்பக்கத்தில் கட்டங்கள் இருக்கும். அந்தப் பங்கு யார் பேருக்கு, எந்தத் தேதியில் மாறியது என்ற வரலாறு முழுவதும் அந்தக் கட்டங்களில் பதிவாகியிருக்கும்.

அதோடு விற்பவர் கையெழுத்திட்ட டிரான்ஸ்ஃபர் படிவம் ஒன்றையும் சேர்த்துக் குத்தி, உள்ளூர் சப்-புரோக்கரிடம் கொடுக்க வேண்டும். அவரிடமிருந்து பங்குச் சந்தை உறுப்பினரான புரோக்கரிடம் போகும். சென்னை என்றால் செகண்ட் லைன் பீச்சில் இருந்த மெட்ராஸ் பங்குச் சந்தை, பம்பாய் என்றால் தலால் தெரு. அங்கிருந்து வாங்கியவரின் புரோக்கர், பிறகு வாங்கியவர். அவர் ஸ்டாம்ப் ஒட்டி, கம்பெனியின் ரெஜிஸ்டரார் அலுவலகத்துக்கு அனுப்புவார். அங்கே ஓர் ஊழியர், விற்றவரின் கையெழுத்தைப் பழைய கோப்பில் இருக்கும் மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். ஒத்துப்போனால் பெயர் மாறி, பதிவுத் தபாலில் திரும்பி வரும். இதற்குச் சட்டமே இரண்டு மாதம் அவகாசம் கொடுத்திருந்தது.

ஒத்துப்போகாவிட்டால் அது ‘பேட் டெலிவரி’. வயதாகி கை நடுங்கும் ஒருவர், இருபது வருடம் முன்பு போட்டது போலவே கையெழுத்துப் போட வேண்டும் என்று எதிர்பார்ப்பது எவ்வளவு கொடுமை! காகிதம் வந்த வழியே ஒவ்வொரு கையாகத் திரும்பிப் போகும். இதற்குள் கம்பெனி போனஸ் அறிவித்துவிட்டால், அது பழைய பெயருக்கே போய்ச் சேரும். காசு கொடுத்து வாங்கியவர் அதைக் கேட்டு அலைய வேண்டும். தபாலில் காணாமல் போன பத்திரங்கள் உண்டு, திருடப்பட்டவை உண்டு, அச்சுப் பிசகாத போலிகளும் உண்டு.

விற்றவர் கையை விட்டுப் போய், வாங்கியவர் கைக்கு இன்னும் வராத அந்த இடைவெளிதான் ஆபத்து. நம் நாட்டு நிதிச் சந்தையின் பெரிய மோசடிகள் சில குடியிருந்தது அங்கேதான் என்பேன்.

1992-இல் அம்பலமான புரோக்கர் ஹர்ஷத் மேத்தா விவகாரத்தைப் பலரும் பங்குச் சந்தை ஊழலாக மட்டும் நினைக்கிறார்கள். அதன் வேர் வங்கிகளுக்கிடையே நடந்த அரசுக் கடன் பத்திர வியாபாரத்தில் இருந்தது. பத்திரத்தை உடனே கைமாற்றுவது சிரமம் என்பதால், ‘பணம் வந்தது, பத்திரம் பிறகு தருகிறோம்’ என்று ஒரு வங்கி இன்னொரு வங்கிக்கு ரசீது எழுதிக் கொடுக்கும். நடுவில் நின்ற புரோக்கர், அந்த ‘பிறகு’ என்ற காலத்துக்குள் வங்கிப் பணத்தைப் பங்குகளில் போட்டார். சில சிறிய வங்கிகள் கையில் பத்திரமே இல்லாமல் ரசீது எழுதின. இதில் சிக்கியதாக ரிசர்வ் வங்கி அமைத்த ஜானகிராமன் குழு கணக்கிட்ட தொகை சுமார் 4,000 கோடி ரூபாய்.

அதே ஆண்டில் வெளிநாட்டு நிதி நிறுவனங்களுக்கும் நம் சந்தை திறந்தது. மூட்டை மூட்டையாகக் காகிதத்தைக் கையெழுத்துப் பார்த்து வாங்க அவர்கள் தயாராக இல்லை. பங்குகளைக் கணினிப் பதிவாக வைத்துக் காக்கும் டெபாசிட்டரிகளுக்கான சட்டம் 1996-இல் வந்தது. அந்த நவம்பரில் என்.எஸ்.டி.எல். என்ற டெபாசிட்டரி தொடங்கியது, 1999-இல் சி.டி.எஸ்.எல். சேர்ந்தது. பத்திரத்தை ஒப்படைத்து, ரெஜிஸ்டரார் அதை ரத்து செய்ததும், அதன் பங்குகள் உங்கள் டிமேட் கணக்கில் ஒரு பதிவாக வந்து உட்காரும். கம்பெனியின் புத்தகத்தில் அவற்றின் பதிவு உரிமையாளராக டெபாசிட்டரியின் பெயர் இருக்கும். நீங்கள் பயன் உரிமையாளர்: டிவிடெண்ட், போனஸ், ஓட்டு எல்லாம் உங்களுக்கே.

காகிதம் ஒழிந்ததை எல்லோரும் பேசுகிறார்கள். அதற்கு இணையான இன்னொரு மாற்றத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. 1996-இல் தேசியப் பங்குச் சந்தையின் கிளியரிங் கார்ப்பரேஷன் வேலையைத் தொடங்கியபோது, ஒவ்வொரு விற்பனையிலும் அது நடுவில் வந்து நின்றது. விற்பவரிடம் வாங்குவது அது, வாங்குபவருக்கு விற்பதும் அது. எதிர்த் தரப்பு புரோக்கர் திவாலானாலும் உங்கள் பங்கோ அதற்கான பணமோ வந்து சேரும். அதற்காகவே எல்லா புரோக்கர்களிடமும் முன்கூட்டியே மார்ஜின் (ஈட்டுத் தொகை) வாங்கி வைக்கிறது. முகம் தெரியாத ஒருவரிடம் நாம் அச்சமின்றி வியாபாரம் செய்வது இந்த ஏற்பாட்டால்தான்.

பிறகு இடைவெளி மளமளவென்று சுருங்கியது. 2002-இல் வர்த்தக நாளிலிருந்து மூன்றாம் நாள், 2003-இல் இரண்டாம் நாள், 2023 ஜனவரி 27 முதல் எல்லாப் பங்குகளுக்கும் மறுநாள்.

ஆனாலும் ஒரு சந்து மிச்சம் இருந்தது. வாங்கிய பங்கு நேரே உங்கள் கணக்குக்கு வராமல், புரோக்கரின் கணக்கில் ஒரு கணம் தங்கிவிட்டு வந்தது. வாடிக்கையாளர்கள் எழுதிக் கொடுத்த பவர் ஆஃப் அட்டர்னியும் புரோக்கர் கையில் இருந்தது. 2019 நவம்பரில் கார்வி என்ற புரோக்கர் நிறுவனத்தின் மீது சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி தடை விதித்தது ஏன் என்று பாருங்கள்: வாடிக்கையாளர்களின் பங்குகளை அடகு வைத்து 2,000 கோடி ரூபாய்க்கு மேல் கடன் வாங்கியதாக செபி கண்டறிந்தது. காகிதம் போனாலும், நடுவில் நிற்பவர் கையில் பொருள் தங்கினால் பழைய கதைதான். 2025-இல்தான், கிளியரிங் கார்ப்பரேஷனிலிருந்து பங்குகள் முதலீட்டாளரின் டிமேட் கணக்குக்கே நேராகப் போக வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. இது 1996-லேயே வந்திருக்க வேண்டியது.

இன்று மிகப் பெரிய இடைவெளி சந்தையில் இல்லை. அது வீட்டுக்குள், அப்பா கையிலிருந்து பிள்ளைகள் கைக்குப் போகும் வழியில் இருக்கிறது. 2019 ஏப்ரல் முதல் காகிதப் பங்குகளை அப்படியே விற்க முடியாது. டிமேட் ஆக்கியாக வேண்டும். தொடர்ந்து ஏழு வருடம் டிவிடெண்ட் யாரும் வாங்காமல் கிடந்தால், அந்தப் பங்குகள் ஐ.இ.பி.எஃப். என்ற அரசு நிதிக்குப் போய்விடும். உரியவர் ஆதாரம் காட்டித் திரும்பப் பெறலாம். ஆனால் இறந்தவர் பெயரில் நாமினி இல்லாவிட்டால் வாரிசுச் சான்றிதழ், சில சமயம் நீதிமன்றம் என்று அலைச்சல்.

எனவே வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே பழைய டிரங்குப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். பத்திரம் இருந்தால், அந்தக் கம்பெனியின் ரெஜிஸ்டரார் இன்று யார் என்று தேடி எழுதுங்கள். கம்பெனி பெயர் மாறியிருக்கலாம், இன்னொன்றோடு இணைந்திருக்கலாம், கைவிட்டுவிடாதீர்கள். உங்கள் சொந்த டிமேட் கணக்கில் நாமினி பெயர் பதிவாகியிருக்கிறதா என்று இன்றே சரிபாருங்கள்.