தாமிரபரணிச் சீமையில் நாயும் மனித உணர்வும்

மனிதரின் முகம், குரல், உடல் மணம் ஆகியவற்றிலிருந்து அவரது மகிழ்ச்சி, சினம், துயரம், அச்சம் ஆகியவற்றை உணரும் திறன் நாய்க்கு உண்டு என்று அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. இத்திறனைத் தமிழர் நெடுங்காலமாகக் கவனித்து வந்ததற்குக் கல்லிலும் கதையிலும் சான்றுகள் உள்ளன.

நடுகல் தரும் சான்று

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உள்ளது. எருமைகளைக் காக்கும் போரில் இறந்த வீரனுக்கு அது எடுக்கப்பட்டது. கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அவனுடைய நாயின் உருவமும் 'கோவிவன்' என்ற அதன் பெயரும் அக்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. எத்தனையோ மனிதரின் பெயர்கள் மறைந்துபோன காலத்தில், ஒரு நாயின் பெயர் 1,300 ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்திருக்கிறது.

முத்துப்பட்டன் கதை

திருநெல்வேலிப் பகுதி வில்லுப்பாட்டில் புகழ்பெற்றது முத்துப்பட்டன் கதை. நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை இதைப் பதிப்பித்துள்ளார். அந்தணனான முத்துப்பட்டன், தோல் தொழில் செய்யும் குடும்பத்தில் வளர்ந்த பொம்மக்கா, திம்மக்கா ஆகிய சகோதரிகளை மணக்கிறான். தன் குலத்தை விட்டு விலகி, செருப்புத் தைக்கவும் மாடு காக்கவும் செய்கிறான். மாடு கவர வந்தவர்களோடு போரிட்டு, இறுதியில் வஞ்சகமாகக் கொல்லப்படுகிறான். உடன் சென்ற நாயே அத்துயரச் செய்தியை மனைவியரிடம் கொண்டு சேர்க்கிறது என்று கதை சொல்கிறது.

இன்று அவன் பட்டவராயன் என்ற தெய்வமாகப் பாபநாசம் மலையில், காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் வழிபடப்படுகிறான். அடியார்கள் அவனுக்குச் செருப்பைக் காணிக்கையாகச் செலுத்துகின்றனர். ஆடி அமாவாசைக்கு அங்கே பெருங்கூட்டம் கூடுகிறது.

அறிவியல் கூறுவது

பேச்சில்லாத நாய் துயரத்தை உணருமா? 2012-இல் இலண்டனில் 18 நாய்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. ஒருவர் பேசியபோதோ முணுமுணுத்துப் பாடியபோதோ நெருங்கியதைவிட, அழுவதுபோல் நடித்தபோது நாய்கள் அதிகமாக நெருங்கின. அழுதவர் வளர்ப்பவரா, அறிமுகமற்றவரா என்று அவை வேறுபாடு பார்க்கவில்லை. 2016-இல் வெளியான மற்றோர் ஆய்வில், சினக்குரலைக் கேட்ட நாய்கள் சினமுகத்தையும், மகிழ்ச்சிக் குரலைக் கேட்டவை மகிழ்ச்சி முகத்தையும் அதிக நேரம் நோக்கின. மன அழுத்தத்தால் மனிதரின் வியர்வையிலும் மூச்சிலும் ஏற்படும் மணமாற்றத்தைப் பயிற்சி பெற்ற நாய்கள் கண்டறியும் என்பதை 2022-இல் பெல்பாஸ்ட் ஆய்வாளர்கள் காட்டினர்.

இந்தியத் தெருநாய்களை ஆராய்ந்துவரும் கொல்கத்தா அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் அனிந்திதா பத்ரா குழுவினர், எப்பயிற்சியும் பெறாத தெருநாய்களும் மனிதரின் கைச்சுட்டைப் புரிந்துகொள்கின்றன என்று 2020-இல் அறிவித்தனர். எனினும் அச்சமுற்ற நாய்கள் மனிதரை நெருங்கவேயில்லை.

இந்த ஆய்வுகளால் நாய்க்கு மனிதரைப் போன்ற இரக்கம் உண்டு என்று உறுதியாகிவிடவில்லை. பிறர் உணர்ச்சி தன்னைத் தொற்றுவதாலோ, முன்பு நெருங்கியபோது அன்பு கிடைத்த பழக்கத்தாலோ அது அருகில் வரலாம்.

நாம் அறிய வேண்டியது

'நாய்' என்பது நம் மொழியில் வசைச்சொல். அதே மொழிதான் கோவிவனுக்குக் கல்லில் இடம் தந்தது. பட்டனின் மரணச் செய்தியைச் சொல்லும் பொறுப்பையும் நாயிடம் ஒப்படைத்தது.

தெருநாய்க் கடியும் வெறிநோயும் இன்று மெய்யான துன்பங்கள். கடிபட்டால் காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். நாய் நம் உணர்வை அறிவதுபோல, வாலை இடுக்குதல், காதை மடக்குதல், உறுமுதல் முதலிய அதன் அச்சக் குறிகளை நாமும் அறிய வேண்டும். மாணவர்க்கு இதைக் கற்பித்தால் கடிகள் பலவற்றைத் தவிர்க்கலாம். நம்மைப் படிக்கத் தெரிந்த உயிரைப் படிக்க நாமும் கற்றுக்கொள்வதே முறை.