பிறை கண்டால் நம்முடையதா?

சிகரெட் பெட்டி நசுங்காமலிருக்க உள்ளே தடித்த அட்டை ஒன்றைச் செருகுவது முன்னைய வழக்கம். அந்த அட்டையில் படம் அச்சிட்டால் சேர்ப்பதற்காகவே ஆட்கள் மறுபடியும் வாங்குவார்கள் என்று கம்பனிகள் கண்டுகொண்டன. இங்கிலாந்தின் வில்ஸ் கம்பனி 1910இல் பிரித்தானியப் பேரரசின் இலச்சினைகளை 50 அட்டைகளாக வெளியிட்டது. போர்க்காலக் காகிதச் சிக்கனத்தால் 1940இல் இந்த வழக்கம் நின்றுபோனது.

பிரித்தானியர் கால இலங்கையின் சின்னம் யானையும் அதன் பின்னே தாதுகோபமும்தான். யாழ்ப்பாணத்துக்கு அதில் இடமில்லை. ஆனால் 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த யாழ்ப்பாண அரசுக்குத் தனிச் சின்னம் இருந்தது. ஆரியச்சக்கரவர்த்திகளின் சேது நாணயங்களில் நந்தி படுத்திருக்கும். மேலே பிறை, கீழே 'சேது' என்ற தமிழ் எழுத்து.

இந்தப் பிறையைக் கண்டதும், "பாத்தீங்களா, அப்பவே எங்கட ஆக்கள் அரண்மனையில இருந்திருக்கினம்" என்று சொல்பவர்கள் நம்மிடையே உண்டு. அது சரியல்ல. நந்தியோடு வரும் பிறை சைவ மரபைச் சேர்ந்தது. சேது என்பது இராமேசுவரத்தைச் சுட்டுவது. இஸ்லாம் தோன்றுமுன்பே பைசாந்திய நகர நாணயங்களில் பிறையும் நட்சத்திரமும் இருந்தன. பிறை முஸ்லிம்களின் அடையாளமாக உலகெங்கும் அறியப்பட்டது உதுமானியத் துருக்கியின் கொடியாலே. கொடிப்படம் போட்ட சிகரெட் அட்டைகளும் அந்த எண்ணத்தை வீடுவீடாகக் கொண்டுபோயிருக்கும். குர்ஆனோ பிறைகளைக் காலக்கணக்குக்கும் ஹஜ்ஜுக்கும் உரியவை என்றே சொல்கிறது.

அப்படியானால் நமக்கு யாழ்ப்பாண அரசோடு உறவே இல்லையா? உண்டு; அது எழுத்திலே இருக்கிறது. 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார். மன்னருக்குப் பாரசீக மொழி விளங்கியது என்றும், தமக்கு முத்துகள் தந்தார் என்றும், பாவா ஆதம் மலைக்குப் போகப் பல்லக்கும் ஆட்களும் கொடுத்தார் என்றும் எழுதியிருக்கிறார். நாணயத்துப் பிறையைவிட இது எவ்வளவோ வலுவான சான்று.

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். "நீங்கள் எப்ப இஞ்ச வந்தனீங்கள்?" என்று கேட்பவருக்கு இன்று சான்றோடுதான் பதில் சொல்ல வேண்டும். பிழையான ஒரு சான்றைக் காட்டினால் சரியான பத்தையும் நம்பமாட்டார்கள். ஆகவே பிறையை விட்டுவிட்டு, சோனகத் தெருக் குடும்பங்களிடம் எஞ்சியிருக்கும் காணி உறுதிகள், கடுத்தங்கள், பள்ளிவாசல் கணக்குக் கொப்பிகள், பழைய கடை ரசீதுகள் ஆகியவற்றைத் தேடிப் பிரதியெடுப்போம். பெட்டியோடு வீசப்படவேண்டிய சிகரெட் அட்டைகள் நூறு வருடம் தப்பியிருப்பதும் யாரோ எடுத்துவைத்ததால்தானே?