மனையடிசிலும் உடலோம்பலும்

தொண்டை நன்னாட்டிலே, பூவிருந்தவல்லியை அடுத்துள்ள சென்னீர்குப்பம் என்னும் ஊருக்கு மிக அணித்தாகக் கூவம் ஆற்றின் கரையில் விளங்குவது திருவேற்காடு. திருஞானசம்பந்தப் பெருமானது பதிகம் பெற்ற இத்தலம், அறுபத்துமூன்று தனியடியாருள் ஒருவராகிய மூர்க்க நாயனார் திருவவதாரஞ் செய்த பதியுமாம். அந்நாயனார் வரலாற்றை எடுத்துப் பேசுவோர் பெரும்பாலும் அவரது சூதாட்டத்தையும் உடைவாளையுமே விரித்துரைப்பர். அவர் இல்லத்து அடுக்களையை நினைப்பார் அரியர். சூதும் வாளும் அவ்வடுக்களை அவியாமற் காத்தற்பொருட்டு எழுந்தன என்பதை நோக்குமிடத்து, வரலாற்றின் நடுநிலை அவ்வடுக்களையே என்பது தெளிவாம்.

அடியார்க்கு நாடோறும் நெய்யும் கறிவகையும் கூட்டித் திருவமுது செய்வித்துப் பின்னரே தாம் உண்பது அவர் கடப்பாடு. அடியார் கூட்டம் பெருகப் பெருகப் பொருள் முற்றும் மாண்டது. பின்னர் முன்பு கற்ற சூதினாற் பொருளீட்டத் தொடங்கி, தம்மூரில் எதிர்த்து ஆடுவார் இல்லாமையால் ஊர்தோறும் சென்று, குடந்தையை அடைந்து அங்கும் அப்பணியைத் தொடர்ந்தனர். சூதில் வந்த பொருளைத் தாம் கையால் தீண்டாது அமுதாக்குவாரே எடுத்துக்கொள்ளச் செய்தார் என்பதும், அடியார் அனைவரும் உண்டபின் கடைப்பந்தியில் அமர்ந்து அவ்வமுதினையே தாமும் உண்டார் என்பதும் சேக்கிழார் பெருமான் குறித்தருளிய நுண்ணிய செய்திகள். விருந்தினர்க்கு ஓர் உலையும் தமக்கு ஓர் உலையும் அங்கு இல்லை. தான் உண்ணும் உணவையே பிறர்க்கும் படைப்பவன் அதன் தூய்மையிற் கருத்தின்றி இரான். ஊதியம் ஒன்றே கருதிச் சமைப்பார் யாவரிடத்தும் இதனை எதிர்பார்த்தல் இயலாது.

அச்சேக்கிழார் பெருமானும் இப்பகுதிக்கு உரியவரே. பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சோழப் பேரரசின் அமைச்சராக விளங்கிய அவர் பிறந்த குன்றத்தூர், பூவிருந்தவல்லிக்குத் தெற்கே அணித்தாயுள்ளது. வேளாண் குடியிற் பிறந்தாராதலின், நெல்லும் கீரையும் உலையும் அவர் பாட்டில் வெறும் அணியாக வாரா. இளையான்குடி மாற நாயனார் புராணத்தைக் காண்க. மழை பெய்யும் நள்ளிரவில் அடியார் ஒருவர் வருகின்றார். வீட்டில் ஒன்றும் இல்லை. பகலில் விதைத்த முளைநெல்லை இருளிற் சென்று வாரிக்கொணர்கின்றார் நாயனார். அம்மையார் அதன் சேற்றைக் கழுவி, வறுத்து, உரலிற் குற்றி அரிசியாக்கி உலைப்பெய்கின்றார். விறகின்மையால் கூரையின் மரங்களே விறகாகின்றன. புழைக்கடைக் குழியில் வளர்ந்து முற்றாத கீரையே கறியாகின்றது. அன்பின் திறத்திற்கு இதனை எடுத்துக்காட்டாகச் சொற்பொழிவாளர் பலரும் கூறுவர். அஃது உண்மையே. எனினும் முளைவிட்ட நெல், அப்பொழுதே குற்றிய தவிடு நீங்கா அரிசி, அப்பொழுதே பறித்த இளங்கீரை என்னும் இம்மூன்றையும் இக்காலத்து உணவுநூல் வல்லார் கேட்பின் வியப்பர்.

இதுகொண்டு சேக்கிழார் உயிர்ச்சத்து நூல் அறிந்திருந்தார் என்று சாதிக்கப் புகுதல் நகைப்பிற்கு இடனாம். நம்மவருட் சிலர் புதியன யாவும் பழைய நூலில் உள்ளன என்று முழங்குவது நம் நூல்களுக்குப் பெருமை தருவதன்று. பண்டையோர் அறிந்தது பழக்கம். அதன் காரணத்தை ஆராய்ந்து கண்டது பிற்காலம். திருவள்ளுவனார் மருந்து என்னும் தொண்ணூற்றைந்தாம் அதிகாரத்தில் மருந்தின் பெயரை அடுக்காது, முன்னுண்டது அற்றதறிந்து அளவோடு உண்ணும் முறையையே பெரிதும் வற்புறுத்தியதும் அத்தகைய பட்டறிவின்பாற் பட்டதே.

அப்பட்டறிவு எந்நாளிற் சிதைந்தது எனின், நெல் உரலைவிட்டு ஆலைக்குச் சென்ற நாளில் என்க. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கீழ்நாடுகளில் நெல் ஆலைகள் பரவின. அவை தவிட்டை முற்றும் நீக்கி அரிசியைப் பளிங்குபோல் தீட்டின. வெண்மையே உயர்வு என மக்கள் மயங்கினர். உடன் தொடர்ந்தது பெரிபெரி என்னும் நோய். கால் சோர்ந்து, உடல் வீங்கி, இதயம் தளர்ந்து பலர் மாண்டனர். இதன் காரணத்தை முதலிற் காட்டியது ஓர் அடுக்களை நிகழ்ச்சியே. ஜாவாத் தீவிற் படாவியா நகரத்து ஐக்மன் என்னும் டச்சு மருத்துவர், இராணுவ மருத்துவமனையில் எஞ்சிய வெண்சோற்றைத் தின்ற கோழிகள் கால் சோர்ந்து விழுதலைக் கண்டார். புதிதாக வந்த சமையற்காரர் இராணுவச் சோற்றைப் பிற கோழிகட்கு இடமாட்டேன் என மறுக்க, தீட்டாத அரிசி உண்ட கோழிகள் நலம் பெற்றன. இக்குறிப்பின் வழிச்சென்ற ஐக்மனுக்கு 1929இல் நோபெல் பரிசில் பாதி வழங்கப்பட்டது. தவிட்டில் மறைந்திருந்த அப்பொருளைத் தையமின் என்பர்.

நம் நாட்டில் இவ்வாராய்ச்சி நிலைபெற்ற இடம் நீலமலையின்கண் உள்ள குன்னூர். 1918இல் இராபர்ட் மக்காரிசன் என்பார் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையிற் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். இடையிற் பொருளுதவி நிறுத்தப்பட்டும், 1925இல் மீண்டும் எழுந்தது. அது வளர்ந்து 1958இல் ஐதராபாத்துக்குச் சென்று, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என வழங்கப்படுகின்றது. மக்காரிசன் இந்திய நாட்டு மக்கள் பலரின் உணவை வெள்ளெலிகட்கு இட்டுப் பார்த்தார். முழுக்கோதுமை அப்பமும் பாலும் பருப்பும் காய்களும் கொண்ட சீக்கியர் உணவை உண்டவை கொழுகொழுவென வளர்ந்தன. கழுவித் தீட்டிய அரிசி மிக்க சென்னை நாட்டு உணவை உண்டவை எல்லாவற்றினும் மெலிந்தன. தமிழர்க்கு இஃது இனிய செய்தியன்று. எனினும் மறைத்தற்கும் உரியதன்று. மூர்க்க நாயனார் இட்ட நெய்யும் கறியும் குறைந்து, சோறு மட்டும் மலைபோற் குவிந்ததன் பயன் அது.

ஆயினும் தமிழகத்தைப் பெரிபெரி ஆந்திரக் கடற்கரைப் பகுதியைப்போல் வாட்டவில்லை. அங்குத் தீட்டிய பச்சரிசி பயின்றது. இங்குப் புழுங்கலரிசி பயின்றது. நெல்லை ஊறவைத்து அவிக்குங்கால் தவிட்டின் சத்து நீரோடு உள்ளே சென்று மணியிற் படிகின்றது. ஆதலின் பின்னர் ஆலையிற் தீட்டினும் ஒரு பகுதி எஞ்சுகின்றது. நம் பாட்டிமார் முற்றத்தில் அவித்து உலர்த்திய நெல் எத்துணை உயிரைக் காத்தது என்பதை அவர்களே அறியார். அரிசியைப் பலகால் கழுவிக் களைந்து, கஞ்சியை வடித்துக் கொட்டுங்கால் அச்சத்தின் பெரும்பங்கு சாக்கடைக்குப் போகின்றது. கஞ்சியை உப்பிட்டுப் பருகிய ஏழை இவ்வொன்றிற் செல்வரினும் நல்லுணவு உண்டான்.

1934இல் காந்தியடிகள் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் கைக்குத்தலரிசியை நாடெங்கும் வற்புறுத்தியது. தஞ்சையிற் பிறந்த ஜே. சி. குமரப்பா அதன் தூணாயிருந்தார். அம்முயற்சி நாட்டளவில் வெல்லவில்லை. வெல்லாமைக்கு மக்களின் மயக்கம் மட்டும் காரணமன்று. உலக்கை பிடித்தவர் பெண்டிர். விடியுமுன் எழுந்து குற்றிப் புடைத்து உலையேற்றும் வேலையின் கடுமையை ஆலை நீக்கியது. அதனை அவர்கள் வரவேற்றதிற் குற்றங்காண்பார் ஒருநாள் உலக்கை பிடித்துப் பார்த்தல் நன்று. இளையான்குடி அம்மையார்க்கு விறகும் நெல்லும் கொணர்ந்து தந்தவர் கணவரே என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. அவ்விரவின் அடுக்களையில் இருவரும் உழைத்தனர்.

இன்று பெரிபெரி அருகியது. அதனிடத்தே நீரிழிவு வந்து அமர்ந்துளது. 2023இல் வெளிவந்த நாடளாவிய ஆய்வு, இந்தியாவில் பத்துக்கோடிக்கு மேற்பட்டோர்க்கு இந்நோய் உண்டெனக் கணித்தது. சென்னை நகரத்து மக்களிடை நடந்த ஆய்வொன்று, தீட்டிய தானியத்தை, அதிலும் வெள்ளரிசியை, மிகுதியாக உண்பாரிடத்து நீரிழிவு மிகுதியாகக் காணப்படுதலை எடுத்துக்காட்டியது. சென்னீர்குப்பம் போலும் புறநகர்களில் தொழிற்சாலைக்கு முறைமாறிச் செல்வோர்க்கு உலைவைக்கப் பொழுது எங்கே என்னும் வினா நேரியது. கடையுணவு உண்பாரை இகழ்தல் பயனற்றது. எனினும் கடைக்காரர் இடும் உப்பும் எண்ணெயும் உண்பவர் கண்ணுக்குத் தோன்றா. உலக மருத்துவர் வகுத்த அளவு ஒருவர்க்கு நாளொன்றுக்கு 5 கிராம் உப்பு. தன் கையால் இட்டால் அளவு தெரியும்.

மனையிற் சமைத்தலே போதும் என்று கொள்வதும் பிழை. வெள்ளைச் சோற்றை மூன்று வேளையும் மலையாகக் குவிக்கும் மனையடுக்களை நோயைத் தடாது. கைக்குத்தலரிசியாயினும் அளவு மிகின் தீங்கே. மாற்ற வேண்டுவது இலையின் பங்கீடு. சோறு குறைந்து பருப்பும் கீரையும் காயும் மிகவேண்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டும் என்பார்க்கு இளையான்குடியையே காட்டலாம். அவ்விரவில் அம்மையார் கையில் இருந்தது ஒரே குழிக்கீரை. அதனையே தம் கைவன்மையால் வெவ்வேறு கறிகளாகச் சமைத்து அடியார் முன் படைத்தார் என்கின்றது புராணம்.