கிளிங்கானின் நெற்றி: ஓர் ஒப்பனை வழக்கின் வரலாறு

1967 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'எரண்ட் ஆஃப் மெர்சி' என்னும் ஸ்டார் ட்ரெக் அத்தியாயத்தில் கிளிங்கான் இனத்தார் முதன்முதலாகத் தோன்றினர். கதை ஜீன் கூன். ஒப்பனை ஃபிரெட் ஃபிலிப்ஸ். தளபதி கோர் வேடமேற்ற ஜான் கோலிகோஸுக்கு முகமெங்கும் கரும்பழுப்புப் பூச்சு, மேல்நோக்கி வளைந்த புருவம், வாயின் இருபுறமும் இறங்கும் மெல்லிய மீசை. அவ்வளவே. செங்கிஸ்கானை மனத்திற்கொண்டே அத்தோற்றம் உருவானதென அவர் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். பனிப்போர்க் காலத் திரையில் பகைவனைக் காட்ட வேண்டியிருந்தது. கையில் பணம் குறைவு. 'கீழைத்தேயக் கொடியவன்' என்னும் பழைய ஹாலிவுட் வேடம் ஆயத்தமாகக் கிடந்தது. வேற்றுக்கோளினன் என்று பெயரிட்டு அதையே எடுத்துக்கொண்டனர்.

1979 டிசம்பரில் வெளிவந்த முதல் திரைப்படத்தின் தொடக்கக் காட்சியிலேயே கிளிங்கானின் தலை மாறிவிட்டது. முதுகெலும்பு கழுத்தைத் தாண்டி மண்டையின் மேலேறி நெற்றியில் இறங்கியது போன்ற எலும்பு முகடு. காரணம் ஏதும் படத்தில் சொல்லப்படவில்லை. அவர்கள் எப்போதுமே இப்படித்தான் இருந்தார்கள், 1960களில் காட்டப் பணம் இல்லை என்பதே தொடரைப் படைத்த ஜீன் ராடன்பெரியின் நிலைப்பாடு. நாடக மரபில் பழகியவருக்கு இது போதுமான விடை. துணியில் வரைந்த காட்டை எவரும் தாவரவியல் கொண்டு ஆராய்வதில்லை. ஆனால் ஸ்டார் ட்ரெக் ரசிகர் அந்த ஒப்பந்தத்தை ஏற்கவில்லை. அவருக்குத் திரையில் கண்டது வேடமன்று, சான்று. இரு சான்றுகள் முரண்பட்டால் ஒன்று பொய், அல்லது இடையில் ஏதோ நிகழ்ந்திருக்க வேண்டும். முரண்படும் இரண்டு கல்வெட்டுகளை முன்வைத்துக்கொண்டு அரச மரபை நிரல்படுத்த முயலும் ஆய்வாளரின் மனநிலை இது.

விளக்கங்கள் குவிந்தன. இரு வேறு இனங்கள் என்றனர் சிலர். 1980களில் ஃபாசா நிறுவனம் வெளியிட்ட ஸ்டார் ட்ரெக் விளையாட்டு நூல்கள், வழவழப்பான நெற்றியர் மனிதக் கலப்பால் உருவாக்கப்பட்டவர், முகடுடையோரே தூய பேரரசு இனம் என்று வகைப்படுத்தின. இதற்கிடையில் 1987இல் தொடங்கிய 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில் ஒப்பனையாளர் மைக்கேல் வெஸ்ட்மோர், டைனோசர்களின் முதுகெலும்புப் படங்களைப் பார்த்துப் புதுப்புது முகடுகளை வடித்தார். முகடு ஆளுக்காள் வேறுபட்டது, குடும்பத்துக்குள் ஒத்திருந்தது. மைக்கேல் டோர்ன் ஏற்ற வோர்ஃப் பாத்திரத்தின் வழியாகக் கிளிங்கானுக்கு மானம், சடங்கு, குலப்பெருமை எல்லாம் வந்து சேர்ந்தன. மார்க் ஓக்ராண்ட் அமைத்த மொழிக்கு 1985இல் அகராதியும் கிடைத்தது. முகடு அணிந்து விழாக்களுக்கு வந்தவர்களுக்கு அந்த நெற்றி வெறும் ரப்பரன்று.

பழைய முகத்தை மறந்துவிட்டிருக்கலாம். தயாரிப்பாளர்களே அதைத் தோண்டியெடுத்தனர். 1994இல் 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் கோலிகோஸ் மீண்டும் கோராக வந்தார், இம்முறை முகட்டுடன். 1996இல் தொடரின் முப்பதாம் ஆண்டு நிறைவையொட்டி, புதிய நடிகர்களை 1967ஆம் ஆண்டுப் படச்சுருளுக்குள் கணினியால் நுழைத்தபோது, வோர்ஃபும் வழவழப்பான நெற்றிக் கிளிங்கான்களும் ஒரே அறையில் நேருக்கு நேர் நின்றனர். தோழர்கள் திகைத்து அவனை நோக்க, இதை வெளியாரிடம் பேசுவதில்லை என்று சொல்லி நகர்ந்துவிடுகிறான். இத்தனை விளக்கங்களிலும் மிகச் சிறந்தது இதுவே எனலாம். கேள்வியை மறுக்கவுமில்லை, தீர்க்கவுமில்லை. வெட்கம் தரும் பழங்கதை ஒன்று அந்த இனத்துக்கு உண்டு என்று மட்டும் உணர்த்தியது.

2005 பிப்ரவரியில், 'எண்டர்பிரைஸ்' தொடர் நிறுத்தப்படுவதாக அறிவிப்பு வந்த அதே மாதத்தில், இரண்டு அத்தியாயங்களில் அதிகாரபூர்வத் தீர்ப்பும் வந்தது: மனித மரபணுக்களைக் கொண்டு மேம்பட்ட வீரர்களை உருவாக்கக் கிளிங்கான்கள் செய்த சோதனை தொற்றுநோயாக மாறியது, நோய் தீர்ந்தது, நெற்றி முகடு போயிற்று. ரசிகர்களில் ஒரு பகுதியினர் மகிழ்ந்தனர், மற்றொரு பகுதியினர் நல்ல நகைச்சுவையைக் கொன்றுவிட்டார்கள் என்றனர். இருசாராரும் கவனிக்கத் தவறியது ஒன்று உண்டு. விவாதம் முழுவதும் எலும்பைப் பற்றியதாகவே இருந்தது. தோலின் நிறத்தைப் பற்றியதாக இல்லை. 1967இன் ஒப்பனையில் வரலாற்றாய்வாளன் வினவ வேண்டியது முகடு ஏன் இல்லை என்பதன்று, பழுப்புப் பூச்சு ஏன் இருந்தது என்பது. டேனியல் பெர்னார்டி 1998இல் வெளியிட்ட நூலில் ஸ்டார் ட்ரெக்கின் இனச் சித்திரிப்பை விரிவாக ஆராய்ந்தார். அவ்வகை வினா ரசிகரின் காலவரிசை ஆராய்ச்சிக்குள் போதிய அளவு நுழையவில்லை. தொற்றுநோய்க் கதை, தயாரிப்புக்கூடத்தில் எடுக்கப்பட்ட ஒரு முடிவைக் கற்பனை உலகின் உள்விவகாரமாக மாற்றிப் புதைத்தது.

2017 செப்டம்பரில் வந்த 'டிஸ்கவரி'யின் எதிர்வினை இதனாலேயே அத்தனை கடுமையாக இருந்தது. நெவில் பேஜ், க்ளென் ஹெட்ரிக் இருவரும் மண்டையைப் பின்னோக்கி நீட்டினர். நாசித் துளைகளைப் பெருக்கினர். முடியை அறவே நீக்கினர். தலையுச்சியில் ஓடும் புலனுணர்வு உறுப்புகளே முடியின்மைக்குக் காரணம் என்றும் விளக்கினர். கனத்த ஒப்பனைக்கும் செயற்கைப் பற்களுக்கும் அடியில் நடிகர்கள் கிளிங்கான் மொழியைத் தடுமாறிப் பேசினர் என்பது நியாயமான குறை. முடியைப் பற்றிய குறை அதைவிட நுட்பமானது. ஆதித் தலைவன் கேலஸ் தன் தலைமுடிக் கற்றையை எரிமலைக் குழம்பில் தோய்த்து முதல் பாட்லெத் வாளை வடித்தான் என்பது 1990களில் நிலைபெற்ற தொன்மம். முடியற்ற இனத்துக்கு அந்தத் தொன்மம் எங்கிருந்து வரும் என்று கேட்டனர். (அதே கேலஸ் 1969இல் முதலில் திரையில் வந்தபோது முகடற்ற நெற்றியுடன்தான் வந்தான் என்பதற்கும் அவர்களிடம் விடை உண்டு: அது கேப்டன் கிர்க்கின் மனத்திலிருந்து எடுத்த பிம்பம்.) 2019இல் இரண்டாம் பருவத்தில் முடி திரும்பியது. போர் முடிந்தபின் மீண்டும் வளர்க்கிறார்கள் என்றனர். புலனுணர்வு உறுப்புகள் என்னவாயின என்பதை எவரும் சொல்லவில்லை.

மாற்றம் எதையும் ரசிகர் பொறுப்பதில்லை என்று இதிலிருந்து முடிவுகட்டுவது தவறு. 1991இல் நெற்றிப் புடைப்புடன் அறிமுகமான ட்ரில் இனம், 1993இல் டெர்ரி ஃபேரலின் முகத்தை மறைக்க மனமின்றிப் புள்ளிகளுடன் மட்டும் மறுபிறவி எடுத்தது. முணுமுணுப்புக்கு மேல் ஏதும் எழவில்லை. ஓர் அத்தியாயத்தில் மட்டுமே வந்த இனம் அது. அந்தப் புடைப்பை யாரும் தம்முடையதாக அணிந்து பழகியிருக்கவில்லை.

2023இல் 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வோர்ல்ட்ஸ்' தொடரில் கிளிங்கான்கள் வெஸ்ட்மோர் காலத்து முகட்டையும் முடியையும் மீட்டுக்கொண்டு வந்தனர். விளக்கம் இல்லை, கேட்டவரும் குறைவு. கதையின் காலக்கணக்கில் அதற்குச் சில ஆண்டுகள் கழித்தே கோர் வருகிறான். 2006 முதல் மூலத்தொடரைப் புதுப்பித்தபோது விண்கலக் காட்சிகளையும் கோள்களையும் கணினியில் மாற்றி வரைந்தனர், ஒப்பனையைத் தொடவில்லை. ஜான் கோலிகோஸின் முகத்தில் அந்தப் பழுப்புப் பூச்சு முன்னிலும் துலக்கமாகத் தெரிகிறது.