எம்.ஜி. காரும் அதை விரும்பியவர்களும்

1942ஆம் ஆண்டு தொடங்கி யுத்தம் முடியும் வரையில் இலட்சக்கணக்கான அமெரிக்கப் போர்வீரர்கள் இங்கிலாந்தில் தங்கியிருந்தார்கள். அந்நாட்டின் குறுகிய, வளைந்த சாலைகளில் அவர்கள் கண்ட விநோதங்களுள் ஒன்று எம்.ஜி. என்னும் சின்னஞ்சிறு மோட்டார் வண்டி. இருவர் மட்டுமே அமரலாம். வீடு போன்ற பெரிய கார்களிலே பழகிய இளைஞர்களுக்கு, தரையை ஒட்டி அமர்ந்து, முழங்கையைக் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு ஓட்டும் வண்டி ஒன்று உண்டு என்பதே புதுமை. ஆனால் அப்போது புது வண்டி வாங்க வழியில்லை. தொழிற்சாலை யுத்தத் தளவாட வேலையில் ஈடுபட்டிருந்தது. ஆகவே, ஆசையை மட்டும் சுமந்துகொண்டு பலர் ஊர் திரும்பினர். அந்த ஆசை நிறைவேறிய கதையையும், நிறைவேறிய பின் அவர்கள் பட்ட பாட்டையும் இன்று சொல்ல விரும்புகிறேன்.

எம்.ஜி. என்பது மாரிஸ் கராஜஸ் என்பதன் சுருக்கம். ஆக்ஸ்போர்டு நகரில் வில்லியம் மாரிஸ் நடத்திய விற்பனை நிலையம் அது. 1922இல் அதன் நிர்வாகியான செசில் கிம்பர் என்பவர், மாரிஸ் கார்களின் உறுப்புகளைக் கொண்டே அழகும் வேகமும் உள்ள வண்டிகளை உருவாக்கலானார். 1929இல் தொழிற்சாலை ஆபிங்டன் என்னும் சிற்றூருக்குப் பெயர்ந்தது. 1941இல் மேலிடம் கிம்பரைப் பதவியிலிருந்து விலக்கியது. 1945 பிப்ரவரி 4ஆம் நாள் லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் நேர்ந்த ரயில் விபத்தில் அவர் மாண்டார். அதே ஆண்டு அக்டோபரில்தான் டி.சி. என்ற புதிய எம்.ஜி. வெளிவந்தது. தம் வண்டி கடல் கடந்து பெற்ற புகழை அவர் காணவில்லை.

புதியது என்றேன், அது முழு உண்மையன்று. 1936இல் பிறந்த வண்டியைச் சற்றே அகலப்படுத்திய உருவம்தான் டி.சி. கடனில் மூழ்கிய பிரிட்டனுக்கு உடனடியாக டாலர் தேவைப்பட்டது. ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைக்கே எஃகு கிடைக்கும் என்ற நிலை. புதிதாக வரைந்து பார்க்க எவருக்கும் அவகாசமில்லை. எனவே, பிறந்தபோதே முதுமை எய்திய வண்டி ஒன்று உலகச் சந்தைக்கு வந்தது. 1949 வரை சுமார் 10,000 வண்டிகள் செய்யப்பட்டன; அமெரிக்காவுக்குச் சென்றவை ஏறத்தாழ 2,000.

யந்திரம் 1,250 கன சென்டிமீட்டர், 54 குதிரைசக்தி. அக்காலத்து ஃபோர்டு வி-8 காருக்கோ 100 குதிரைசக்தி. மணிக்கு எழுபத்தைந்து மைலுக்கு மேல் எம்.ஜி.யை விரட்டுவது கடினம். ஆனால் வளைவுகளில் அதன் பெருமை விளங்கியது. ஸ்டியரிங்கை இலேசாகத் திருப்பினாலே வண்டி திரும்பிவிடும். முன்கண்ணாடியை மடக்கிவிட்டால் காற்று முகத்தில் அறையும். சாலையில் எதிர்ப்படும் எம்.ஜி.க்காரர்கள், முன்பின் அறியாதவராயினும், ஒருவருக்கொருவர் கையசைத்துச் செல்வது வழக்கமாயிற்று.

இனி அவஸ்தைகள். சாலையின் வலப்பக்கம் செல்லும் அமெரிக்காவுக்கும் ஸ்டியரிங் வலப்பக்கத்திலேயே வந்தது. முன்னே செல்லும் லாரியைத் தாண்ட வேண்டுமானால் எதிரே என்ன வருகிறதென்று தெரியாது; அருகில் அமர்ந்த மனைவியைத்தான் கேட்க வேண்டும். வேகமானியும் அவர் எதிரிலேயே இருந்தது! பெட்ரோல் அளவு காட்டும் முள் கிடையாது. தீரப்போகும் சமயத்தில் ஒரு விளக்கு எரியும், அவ்வளவே. மின்சாரத்தால் இயங்கும் பெட்ரோல் பம்பு 'டிக் டிக்' என்று ஒலிக்கும். ஒலி நின்றால் வண்டியும் நிற்கும். இறங்கி, பம்பை ஒரு தட்டுத் தட்டினால் மீண்டும் உயிர் பெறும்.

எஃகுத் தகட்டுக்கு உள்ளே உடலைத் தாங்கியது ஆஷ் மரச் சட்டம். மழைநீர் புகுந்தால் மரம் மக்கும், ஆணி தளரும், கதவு தொங்கும். மோட்டார் வண்டிக்காகத் தச்சரைத் தேடிய அனுபவம் அமெரிக்கருக்கு அதுவே முதலாக இருந்திருக்கும்.

எல்லாவற்றிலும் விசித்திரம் அதன் போல்ட்டுகள். முதல் உலக யுத்தத்தின்போது ஹாட்ச்கிஸ் என்னும் பிரெஞ்சு ஆயுத நிறுவனம் இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரில் கிளை அமைத்தது. யுத்தம் முடிந்தபின் அக்கிளை மாரிஸுக்கு என்ஜின்கள் செய்துகொடுத்தது. 1923இல் மாரிஸ் அதை விலைக்கு வாங்கினார். அங்கிருந்த கடைசல் இயந்திரங்கள் பிரெஞ்சு மெட்ரிக் அளவில் மரை வெட்டுபவை. அவற்றை மாற்றுவதானால் பெருஞ்செலவு. ஆகவே மரை பிரெஞ்சு அளவிலேயே இருக்க, உள்ளூர் ஸ்பானர் பொருந்தட்டும் என்று தலையை மட்டும் விட்வொர்த் என்னும் ஆங்கில அளவில் செய்தார்கள். கலிபோர்னியாவில் ஒருவர் ஒரு நட்டைத் தொலைத்தால் என்ன செய்வார்? அவரிடமுள்ள ஸ்பானர் தலைக்குப் பொருந்தாது. கடையிலுள்ள நட்டு மரைக்குப் பொருந்தாது. மாணவர்கள் சரித்திரம் எதற்குப் பயன்படும் என்று கேட்கும்போது நான் இந்தப் போல்ட்டைத்தான் நினைத்துக்கொள்வேன்.

இத்தனைக்குப் பிறகும் அவர்கள் அதை விற்றுவிடவில்லை. கார்னெல் சர்வகலாசாலையில் சட்டம் பயின்ற காமரன் ஆர்கெட்சிங்கர் என்ற எம்.ஜி.க்காரர், 1948 அக்டோபர் 2ஆம் நாள் நியூயார்க் மாகாணத்து வாட்கின்ஸ் கிளென் ஊரில், சாதாரணச் சாலைகளிலேயே ஒரு பந்தயம் நடத்தினார். சுற்றுப்பாதை 6.6 மைல். வழியில் ஒரு ரயில்வே கேட் இருந்தமையால், பந்தயம் முடியும் வரை ரயில்களை நிறுத்திவைத்தார்கள். வென்றது ஆல்ஃபா ரோமியோ. ஆயினும் ஆர்கெட்சிங்கர் தம் எம்.ஜி.யிலேயே பந்தயத்தில் கலந்துகொண்டார். 1961இல் உலகப் பந்தய வீரரான பில் ஹில்லும் தொடக்கத்தில் எம்.ஜி. டி.சி. ஓட்டியவரே.

உரிமையாளரின் குறைகளைக் கேட்டு டி.டி. என்னும் அடுத்த வண்டியைச் செய்தார்கள். இடப்பக்க ஸ்டியரிங் கிடைத்தது, குலுக்கல் குறைந்தது, கம்பிச் சக்கரம் போய்த் தகட்டுச் சக்கரம் வந்தது. டி.சி.யைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு விற்பனையும் ஆயிற்று. எனினும் பழைய டி.சி.க்காரர்கள் பலர் அதை ஏற்கவில்லை. சக்கரத்தைப் பார்த்தே முகம் சுளித்தார்கள். அது பிடிவாதம் என்றுதான் முதலில் எண்ணினேன். இப்போது அவ்வாறு எண்ணவில்லை. அவர்கள் இங்கிலாந்தின் சாலையில் கண்ட வண்டி அதுவன்றே.

ஆபிங்டன் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டது. எஞ்சியுள்ள டி.சி. வண்டிகளுக்கு வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. அவற்றை வைத்திருப்போர் இன்றும் ஆஷ் மரம் வாங்கிச் சட்டம் இழைக்கிறார்கள். விட்வொர்த் ஸ்பானர்களைப் பெட்டியில் பத்திரப்படுத்துகிறார்கள். வழியில் வண்டி நின்றால் இறங்கிப் பம்பைத் தட்டுகிறார்கள்.